கணவாய்த் தொடரா, ஒரே குடிலா, எரிமலையா? பனியாற்றில் முதல் வசந்தகால ஸ்கைப் பயணம்

"எந்தச் சிகரம்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எங்கள் நால்வர் குழுவிலும் பேச்சு அப்படித்தான் தொடங்கியது. ஒருவருக்கு பிரான்ஸின் ஷாமொனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை போயே தீர வேண்டும். இன்னொருவர் ஆல்ப்ஸ் கூட்டமே வேண்டாம், அமெரிக்காவின் வடமேற்கு எரிமலைகளில் கூடாரம் போடலாம் என்கிறார். மூன்றாமவர் லிஃப்ட் இருக்கும் சரிவுகளில் எங்களைவிட நன்றாக ஓட்டுவார், ஆனால் இடுப்பில் ஹார்னஸ் (கயிறு கோக்கும் பட்டை) மாட்டியதே இல்லை. நான்காவது ஆள் நான். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்திருப்பது ஏழு நாள் விடுப்பு.

நான் கேட்டது வேறு கேள்வி. ஏழில் இரண்டு நாள் மூடுபனியில் போய்விட்டால் மிச்சம் என்ன? வசந்தகாலத்தில் உயர்ந்த பனியாறுகளில் ஏழு நாளும் தெளிவாகக் கிடைப்பது அபூர்வம். போன இரண்டு நாள் எந்தப் பயணத்தை முழுதாகக் கெடுக்கும், எதைக் கெடுக்காது என்று பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும். சிகரத்தின் உயரம், படத்தில் அது தெரியும் அழகு எல்லாம் அப்புறம்தான்.

முதலில் காலம்

பனியாறு என்பது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டி. மேட்டைத் தாண்டி வளையும் இடத்திலும், ஓரத்துப் பாறையோடு இழுபடும் இடத்திலும் அது பிளக்கிறது. குளிர்காலம் முழுக்க விழும் பனி அந்தப் பிளவுகளின் வாயை மூடிப் பாலம் கட்டுகிறது. டிசம்பரில் அந்தப் பாலம் மெல்லிய மூடிதான், பள்ளம் இருப்பதைக் காட்டாது, ஆளையும் தாங்காது. ஏப்ரல் வாக்கில் தடித்து இறுகிவிடும். கோடை நடுவில் தொய்ந்து விழத் தொடங்கும். நடந்து போகிறவரின் எடை முழுவதும் காலணி அளவு இடத்தில் இறங்குகிறது. ஸ்கையில் போகிறவரின் எடை இரண்டு நீளப் பட்டைகளில் பரவுகிறது. உயர்ந்த பனியாறுகளுக்கு வசந்தத்தில் ஸ்கையோடு போவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

அடுத்தது பனியின் பதம். பகல் வெயிலில் மேற்பரப்பு உருகும், தெளிந்த இரவில் அதன் வெப்பம் வானத்துக்குப் போய்ப் பனி மறுபடி உறையும். பல நாள் இப்படி நடந்தால் பனி உருண்டு திரண்ட மணிகளாக மாறிவிடும். விடியற்காலையில் அது சிமென்ட் தரை மாதிரி இருக்கும். வெயில் பட்டுச் சில மணி நேரத்தில் மேலே இரண்டு மூன்று செ.மீ. மட்டும் இளகும், அடியில் இறுக்கம் அப்படியே இருக்கும். ஐரோப்பாவில் இதற்கு ஃபிர்ன் என்று பெயர், அமெரிக்காவில் கார்ன். பாகு காய்ச்சுவது போலத்தான், முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். பிந்தினால் முழங்கால் வரை புதையும் கூழ். ஈரப் பனிச்சரிவு கிளம்பும் நேரமும் அதுதான்.

கிழக்கு பார்த்த சரிவில் பதம் முதலில் வரும், பிறகு தெற்கில், கடைசியாக மேற்கில். வடக்கு முகங்களில் ஏப்ரலிலும் குளிர்காலம்தான். அங்கே உலர்ந்த பனியும், காற்று அடுக்கிவைத்து மொத்தமாகப் பெயர்ந்து சரியக்கூடிய பனிப் பலகைகளும் இருக்கும். அதனால் ஒரே நாளில், ஒரே மலையில் இரண்டு வகை ஆபத்துக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இரவு மேகம் மூடியிருந்தால் பனி சரியாக உறையாது. காற்றின் வெப்பம் சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் வானம் தெளிந்திருந்தால் மேற்பரப்பு உறைந்துவிடும். காற்று குளிர்ந்திருந்தும் வானம் மூடிய இரவில்தான் ஏமாந்து போவோம். விடியுமுன் எழுந்து ஸ்கைக் கோலைப் பனியில் குத்திப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான்.

ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் வெர்னர் முன்டர் தந்த கணக்கு கைவசம் இருப்பது நல்லது. கிலோமீட்டரையும், ஏற்றத்தின் நூறு மீட்டர்களையும் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். 6 கி.மீ. தூரம், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 6 + 12 = 18, அதை நான்கால் வகுத்தால் நாலரை மணி. ஓய்வும் கயிறு கட்டும் நேரமும் சேர்த்தால் ஐந்தரை. பதினொரு மணிக்கு உச்சியிலிருந்து இறங்க வேண்டும் என்றால் ஐந்தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆறரைக்குக் கிளம்பலாம் என்று சொல்லும் குழுவோடு நான் போவதில்லை. ஒரு முறை போனேன். உச்சிக்கு 200 மீட்டர் கீழே, மணி பன்னிரண்டைத் தாண்டியபோது திரும்பினோம், இறங்கும் வழியெல்லாம் கூழ்.

கணவாய்த் தொடர்: ஷாமொனி–செர்மாட்

ஓட் ரூட் என்ற இந்தப் பாதையின் கவர்ச்சியை மறுக்க முடியாது. 1861 கோடையில் பிரிட்டிஷ் ஆல்பைன் கிளப்காரர்கள் நடந்து கண்ட வழி இது. 1911-இல் ஸ்கையில் கடந்தார்கள். ஆர்ஜான்டியேர் குடில் (குடில் என்றால் மலையேறிகள் இரவு தங்கும் விடுதி), 3,323 மீட்டர் சார்டொனே கணவாய், டிரியான் குடில். அங்கிருந்து ஷாம்பே கிராமத்துக்கு இறங்கி, வண்டி பிடித்து வெர்பியே. பிறகு பிராஃப்ளூரி, டிஸ், வின்யெட் குடில்கள், கடைசியில் மேட்டர்ஹார்னின் வடக்கு முகத்தின் அடியில் சறுக்கிச் செர்மாட். நிதானமாகப் போனால் ஆறேழு நாள். வெர்பியே வழியைத் தவிர்த்து வால்சோரே, ஷான்ரியோன் குடில்கள் வழியாகப் போகும் பழைய பாதையும் உண்டு. அதில் ஒரு செங்குத்தான ஏற்றத்தை ஸ்கையை முதுகில் கட்டிக்கொண்டு கடக்க வேண்டும். முதல் முறைக்கு அது வேண்டாம்.

ஸ்கை ஓட்டும் கஷ்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வெர்பியே வழி அப்படியொன்றும் பயங்கரமானது இல்லை. சார்டொனே கணவாயின் மறுபக்கம் செங்குத்து, அங்கே கயிற்றில் இறங்குவது வழக்கம். டிஸ் ஏரியின் ஓரமாக நீளும் குறுக்கு நடையை, மேலே உள்ள சரிவு வெயிலில் இளகுமுன் முடித்துவிட வேண்டும். சுமார் 3,790 மீட்டர் உள்ள பீன் தாரோலா சிகரம்தான் பாதையின் உச்சப் புள்ளி. கடைசி நாள் எவேக், மோன் ப்ரூலே, வால்பெலின் என்று மூன்று கணவாய்கள், சுமார் 30 கி.மீ. உடல் பழகியவருக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக முடியக்கூடியவையே.

சிக்கல் இவை எல்லாம் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருப்பது. இன்றிரவு டிஸ் குடிலில் இடம் பிடித்திருக்கிறீர்கள், நாளை வின்யெட்டில். ஏப்ரலில் இந்தக் குடில்கள் நிரம்பி வழியும். நாளை வானிலை கெட்டால், அடுத்த நாள் வின்யெட்டில் இடம் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. மொத்த அட்டவணையும் "கிளம்பிவிடலாம், சமாளிக்கலாம்" என்று பின்னாலிருந்து தள்ளுகிறது. மலையில் எனக்கு மிகவும் பயம் தருவது இந்தத் தள்ளல்தான். பனிப்பிளவுகூட அடுத்தபடி.

2018 ஏப்ரல் 29-ஐ இங்கே சொல்லியாக வேண்டும். டிஸ் குடிலிலிருந்து பீன் தாரோலா வழியாகப் போனவர்களில் 14 பேர் புயலில் சிக்கி, இரவு முழுக்க வெளியிலேயே கிடந்தார்கள். ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் இருந்த இடத்திலிருந்து வின்யெட் குடில் சில நூறு மீட்டர் தொலைவுதான். வெண்மூட்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். தரையும் வானமும் ஒரே வெள்ளை, காற்றில் நிற்க முடியாது, பத்து மீட்டர் முன்னால் விளிம்பா சமதளமா என்று தெரியாது. சில நூறு மீட்டர் அப்போது கடக்க முடியாத தூரம்.

சரி, தப்பும் வழியே இல்லையா? உண்டு. வின்யெட்டிலிருந்து ஆரோலா கிராமத்துக்கு இறங்கிவிடலாம். டிஸ்ஸிலிருந்தும் ஏணிகள் வைத்த ஒரு கணவாய் வழியாக அதே கிராமத்தை அடையலாம். ஆனால் இறங்கியதும் சங்கிலி அறுந்துவிடும், மீதிக் குடில்களின் பதிவும் போகும். "ஷாமொனியிலிருந்து பாதி வழி" என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. மூன்று கணவாய் கடந்து நான்காவதில் திரும்புவதைவிடத் தொடங்காமலே இருப்பது எளிது என்பதை எங்கள் செர்மாட் நண்பரும் ஒப்புக்கொள்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

சுவிட்சர்லாந்தின் பெர்னீஸ் ஓபர்லாந்து மலைகளை இதற்கும் அடுத்த வகைக்கும் நடுவில் வைக்கலாம். யுங்ஃபிராவ்யோக் ரயில் 1912 முதல் உங்களை 3,454 மீட்டரில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஆல்ப்ஸின் மிக நீளமான அலெட்ச் பனியாற்றில் சறுக்கினால் கொன்கோர்டியா குடிலுக்கு அடியில் நிற்கலாம். 1877-இல் முதல் குடில் கட்டியபோது பனி அதற்குச் சுமார் 50 மீட்டர் கீழேதான் இருந்தது. இப்போது பனி மட்டம் இறங்கிவிட்டதால் பாறையில் அடித்த இரும்புப் படிகள் நானூறுக்கும் மேல் ஏற வேண்டும். நாள் முடிவில், ஸ்கையை முதுகில் கட்டிக்கொண்டு. இடமோ அற்புதம், 4,274 மீட்டர் ஃபின்ஸ்டரார்ஹார்ன் சிகரம் பக்கத்துக் குடிலிலிருந்து ஒரு நாள் வேலை. ஆனால் ரயிலை விட்டு இறங்கிய நொடியிலிருந்து சுற்றிலும் பனியாறுதான். வெளியே வருவதற்கும் பெரிய பனியாறுகளையே கடக்க வேண்டும். மூட்டம் வந்தால் குடிலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு வசந்தமாவது அனுபவம் ஆன பிறகு போகலாம்.

ஒரே குடில், ஐந்து இரவு

பார்க்கச் சோம்பேறித் தேர்வாகத் தெரியும். ஒரு குடிலில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தினமும் காலையில் ஒரு சிகரம், மாலையில் அதே படுக்கை. போய்ச் சேர்ந்த பெருமை எதுவும் கிடைக்காது. எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் சொல்கிறேன்.

இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று ஆஸ்திரியாவின் ஸ்டூபாய் மலைகளில் 2,147 மீட்டரில் இருக்கும் ஃபிரான்ஸ் சென் குடில். பனியாற்றுப் பாதிரியார் என்று பெயர் வாங்கிய ஃபிரான்ஸ் சென், 1869-இல் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். குடிலைச் சுற்றிப் பல பள்ளத்தாக்குகள் பல திசைகளில் பிரிகின்றன. 3,474 மீட்டர் ரூடர்ஹோஃப்ஷ்பிட்சே சிகரம் அல்பைனர் பனியாற்றின் வழியே நீண்ட நாள் எடுக்கும். 3,288 மீட்டர் வில்டஸ் ஹின்டர்பெர்கில் அதைவிட எளிது. உயரம் குறைந்த மலைகளும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. மூட்டம் வந்தால் அவற்றின் பக்கம் போகலாம்.

இன்னொன்று இத்தாலியில், ஆர்ட்லர்–செவெடாலே மலைகளில், ஃபோர்னி பனியாற்றைப் பார்த்தபடி 2,487 மீட்டரில் நிற்கும் பிராங்கா குடில். 3,703 மீட்டர் பாலோன் தெ லா மாரே, 3,678 மீட்டர் சான் மத்தேயோ இரண்டும் குடில் வாசலிலிருந்து சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். செவெடாலேயும் எட்டும் தூரத்தில்தான், 3,769 மீட்டர். பனியாறுகள் அகலமானவை, பெரும்பாலும் மிதமான சாய்வு. சான் மத்தேயோ உச்சிக்காக 1918 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இத்தாலியரும் ஆஸ்திரியரும் சண்டை போட்டார்கள். முதல் உலகப் போரில் மிக உயரத்தில் நடந்த சண்டைகளில் அது ஒன்று. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, இந்த வழியில் பீரங்கியை இழுத்துப் போனவர்களை நினைத்தால் என் 9 கிலோ மூட்டையைப் பற்றிப் புலம்ப வாய் வராது.

ஏழு நாளில் போகவர இரண்டு நாள் கழித்தால் ஐந்து. அதில் இரண்டு மூட்டத்தில் போனாலும் மூன்று நாள் சிகரம் ஏறலாம். அந்த இரண்டு நாளும் முழுக்க வீண் இல்லை. குடிலுக்கு அருகிலேயே பனியில் ஸ்கையைப் புதைத்து நங்கூரம் போட்டு, பிளவில் விழுந்தவரைத் தூக்கும் கப்பிக் கயிற்றைக் கட்டிக் கட்டிப் பழகலாம். எங்கள் மூன்றாமவருக்கு இது அவசியம். அறையில் பழகியது பனியில் பாதிதான் ஞாபகம் வரும், உறைந்த கையுறையோடு என்றால் அதிலும் பாதி.

முதல் நாள் போன பனியாற்றை மூன்றாம் நாள் மறுபடி கடக்கும்போது பிளவுகள் எங்கே, எந்த மேட்டில் காற்று பனியைக் குவித்திருக்கிறது, எத்தனை மணிக்குப் பதம் வருகிறது என்று கண்ணுக்கு ஓரளவு பிடிபட்டிருக்கும். தொடர் பயணத்தில் தினமும் புது மலை, தினமும் முதல் பார்வை. முந்தைய நாள் கற்றது அடுத்த நாளுக்குப் பாதிதான் உதவும்.

இறக்கத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது இன்னொரு வசதி. ஏறிய வழியிலேயே பெரும்பாலும் இறங்குகிறோம் என்பதால் எங்கே என்ன இருக்கிறது என்று காலையிலேயே தெரிந்துவிடும். கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அந்தச் சரிவை அங்கே நின்றுதான் முதலில் பார்ப்பீர்கள். வடக்கு முகமாக இருந்தால், காற்று என்ன செய்து வைத்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. உயரத்துக்குப் பழகுவது மெதுவாகத்தான் நடக்கும், குடில் தாழ்வாக இருப்பதால். முதல் நாளே 3,700-க்கு ஏறினால் தலை வலிக்கும், அதனால் முதல் நாள் சின்ன மலை. நான்காம் நாள் அதே பள்ளத்தாக்கை நான்காம் தடவை ஸ்கின் (ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கையின் அடியில் ஒட்டும் பட்டை) ஒட்டிய ஸ்கையால் ஏறும்போது சலிப்பு தட்டும். பள்ளத்தாக்கின் அடியில் எல்லோரும் போகும் தடம் விடியற்காலையில் வழவழவென்று உறைந்து கிடக்கும், ஸ்கை கிராம்பான் (ஸ்கையில் மாட்டும் பல் வைத்த தகடு) மாட்டாமல் ஏறவே முடியாது. கூட்டமும் உண்டு. ஈஸ்டர் வாரத்தில் போகாதீர்கள், அவ்வளவுதான்.

எரிமலைகள்: பேக்கர், ஆடம்ஸ், ரெய்னியர்

அமெரிக்க வடமேற்கின் கேஸ்கேட் எரிமலைகளின் அழகு அவற்றின் தனிமையில் இருக்கிறது. தொடர்மலையில் ஒரு முடிச்சாக இல்லாமல் காட்டின் நடுவிலிருந்து ஒற்றையாக எழுந்து நிற்கும். உச்சியிலிருந்து காடு வரை ஒரே இறக்கம். ஆடம்ஸ் 3,743 மீட்டர், அதன் தென்மேற்குச் சரிவில் சுமார் 1,200 மீட்டர் உயரத்துக்கு ஒரே சாய்வு, ஏறக்குறைய 35 டிகிரி. பதம் பிடித்த காலையில் இதற்கு ஈடான இறக்கம் ஆல்ப்ஸில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கீழே வரும்போது சரியான இடத்தில் இடது பக்கம் திரும்பிக் குறுக்கே போய்த் தடத்தைப் பிடிக்க வேண்டும். ஆசையில் கூடுதலாகச் சறுக்கியவர்கள் காட்டுக்குள் மரத்துக்கு மரம் ஸ்கையைச் சுமந்து அலைவார்கள்.

பனிக்கும் குறைவில்லை. பேக்கர் மலையின் ஸ்கை மையத்தில் 1998–99 பருவத்தில் 1,140 அங்குலம் விழுந்தது, கிட்டத்தட்ட 29 மீட்டர், உலகச் சாதனை. ஈரமான கடற்காற்றுப் பனி சீக்கிரம் இறுகி ஒட்டிக்கொள்ளும். அதனால் வசந்தத்தில் பதம் சீராக வரும், ஜூன் வரை நீளும். ஆல்ப்ஸில் ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் குடில் கிடையாது, அதாவது ஆல்ப்ஸ் அர்த்தத்தில் கிடையாது. கூடாரம், அடுப்பு, எரிபொருள், உறக்கப் பை எல்லாம் முதுகில். ஆல்ப்ஸ் குடில் பயணத்துக்கு என் மூட்டை 9 கிலோ, கூடாரத்தோடு 17-க்குக் குறைந்ததே இல்லை. அந்த எடையோடு உறைந்த சரிவில் திரும்பிப் பாருங்கள், உங்கள் ஸ்கைத் திறமை பாதியாகத் தோன்றும். ஏற்றமும் அதிகம். பேக்கரில் காட்டுத் தடத்தின் தொடக்கத்திலிருந்து உச்சிக்கு 2,100 மீட்டருக்கு மேல். ரெய்னியரில் ஏற்றம் தொடங்கும் பாரடைஸ் என்ற இடத்திலிருந்து 4,392 மீட்டர் உச்சி வரை சுமார் 2,750. முன்டர் கணக்குப்படி இதை ஒரே நாளில் போட்டால் விடை சிரிக்க வைக்கும்.

ரெய்னியரை இந்த ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடச் சொன்னேன். அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவின் மிகப்பெரிய பனியாற்று மலை அது, முதல் பனியாற்றுப் பயணத்துக்கு உகந்தது இல்லை. ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வழியில் உள்ள மியூர் முகாமுக்குப் போகும் பனிவெளி பார்க்கச் சாதுவானது, அங்கே பிளவு பெரிதாக இல்லை. மூட்டம் வந்தால் அதே சாதுவான வெளியில் திசை தவறிப் பக்கத்துப் பனியாறுகளுக்குள் போய்விடுவார்கள். மலையில் மலம் கழித்தாலும் அதைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், மூட்டைக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடம்ஸின் தெற்கு வழி வேறு கதை. அது பெரும்பாலும் பனியாற்றைத் தொடாமலே உச்சிக்குப் போகிறது. கூடார அனுபவம் உள்ள, கயிறு அனுபவம் இல்லாத குழுவுக்கு ஒரு பெரிய மலையில் நீண்ட இறக்கம் இப்படித்தான் கிடைக்கும். பொய் உச்சி ஒன்று உண்டு, பைக்கர்ஸ் பீக். அங்கே ஏறி நின்று கை தட்டியவர்கள் தலையை நிமிர்த்தினால் உண்மையான உச்சி இன்னும் 200 மீட்டர் மேலே தெரியும்.

வானிலை கெட்டால் எரிமலையில் என்ன ஆகும்? வேறு மலைக்கு வண்டி ஓட்டலாம். இந்த வகையில் ஓட் ரூட்டைவிட இது நெகிழ்வானது. ஆனால் மேகம் கடலிலிருந்து வந்தால் எல்லா எரிமலையையும் சேர்த்தே மூடும். ஏப்ரல் இறுதியோடு அங்கே தினசரிப் பனிச்சரிவு முன்னறிவிப்பு குறைந்துபோகும், அதற்குப் பிறகு உங்கள் கண்தான் அறிக்கை. ஆல்ப்ஸில் பருவ காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு மறுநாளுக்கான அறிக்கை வந்துவிடும். புதியவர் இருக்கும் குழுவுக்கு இந்த வேறுபாடு சின்னது இல்லை.

வழிகாட்டி, சாமான்

ஓட் ரூட் என்றால், குழுவில் இரண்டு பேருக்காவது பனியாற்றில் தனியாக முடிவெடுத்த அனுபவம் இல்லாதபட்சத்தில், சான்றிதழ் பெற்ற வழிகாட்டியோடு போங்கள். ஒரே குடில் என்றால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் வழிகாட்டி வைத்துக்கொள்ளலாம். பனியாற்றில் கயிறு, மீட்பு, பாதை எடுப்பது எல்லாவற்றையும் அவர் சொல்லித் தந்துவிட்டுப் போன பிறகு, அவரோடு போன அதே சரிவில் நீங்கள் தனியாக. தொடர் பயணத்தில் இப்படி இரண்டு நாள் மட்டும் வாங்க முடியாது. வழிகாட்டி வந்தாலும் வானிலையை அவர் மாற்றப்போவதில்லை, அட்டவணையின் தள்ளல் அவர் முதுகிலும் இருக்கும்.

சாமான் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது, அதனால் தகராறு வந்த இடங்களை மட்டும். கயிறு: 30 மீட்டர் நீளமுள்ள 6 மி.மீ. மெல்லிய கயிறு இலேசு, ஆனால் அதைக் கையால் பிடித்து இழுக்க முடியாது, அதற்கான கருவிகள் வேண்டும். கருவி பழகாத ஆள் இருக்கும் குழுவில் குறைந்தது ஒரு கயிறாவது தடித்ததாக இருக்கட்டும். கிராம்பான் (காலணியில் மாட்டும் முட்தகடு): பனியாற்றுக்கும் பனிச் சரிவுக்கும் அலுமினியம் போதும், பாறை கலந்த முகட்டில் எஃகு. ஸ்கை அகலம்: கால் அடியில் 85 முதல் 95 மி.மீ. போதும். அதற்கு மேல் அகலமானால் உறைந்த குறுக்கு நடையில் விளிம்பு பிடிக்காமல் கணுக்கால் கதறும். ஸ்கை கிராம்பான்: எல்லோருக்கும், கண்டிப்பாக. "எனக்கு வேண்டியிருக்காது" என்று வந்தவருக்காக நாங்கள் ஒரு நாள் முழுக்கக் கோடாலியால் படி வெட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வெட்டி, துழாவி (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) மூன்றும் எங்கேயும் பொது. பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அந்த நேரத்துக்குள் ஹெலிகாப்டர் வராது, பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால் ஒருவரிடம் மட்டும் மண்வெட்டி என்ற சிக்கனம் வேண்டாம்.

கயிறு எப்போது கட்டுவது என்பதில் வசந்தகாலத்துக்கு ஒரு நழுவல் உண்டு. பாலங்கள் உறைந்து இறுகிய காலையில், தெளிவாகப் பார்க்க முடியும்போது, பல குழுக்கள் கயிறில்லாமல் ஏறுகின்றன. இறங்கும்போது அநேகமாக எல்லோரும் கட்டாமல்தான் இறங்குகிறார்கள், கயிற்றோடு சறுக்குவது தனிக் கொடுமை என்பதால். எங்கள் ஏற்பாடு: ஏறும்போது பனியாற்றில் எப்போதும் கயிறு. நால்வரும் ஒரே கயிற்றில், இடைவெளி 8 முதல் 10 மீட்டர். இறங்கும்போது ஏறிய தடத்தை ஒட்டியே, ஹார்னஸைக் கழற்றாமல். மூட்டம் வந்தால் எந்தத் திசையிலும் கயிறு.

எங்கள் வாக்கெடுப்பு

நான்கு பேருக்கு மூன்று விருப்பம் என்று தொடங்கியது, கடைசியில் 3–1. எரிமலை நண்பர் முதலில் விட்டுக்கொடுத்தார். மூட்டை எடை கேட்டதும் மூன்றாமவர் முகம் போன போக்கைப் பார்த்தார். அடுத்த ஜூனில் ஆடம்ஸ் என்று ஒப்பந்தம். செர்மாட் நண்பர் இன்னும் எதிர் வாக்குதான், ஆனாலும் வருகிறார். அவருக்கு ஒரு சலுகை: இந்த வாரம் பிராங்காவில் மூன்று சிகரமாவது நேரப்படி, கயிற்று ஒழுங்கோடு முடிந்தால், இரண்டு வருடம் கழித்து ஓட் ரூட் பற்றிப் பேச நான் தயார்.

ஃபிரான்ஸ் சென்னா பிராங்காவா என்பதில் கடைசி வரை இழுபறி. மூட்டத்துக்கு மாற்று மலைகள் ஸ்டூபாயில் அதிகம். ஆனால் ஏப்ரல் கடைசியில் 2,147 மீட்டரில் அடிவாரப் பனி கரைந்து ஸ்கையைச் சுமக்க வேண்டி வரலாம், பிராங்கா அதைவிட 340 மீட்டர் மேலே. விடுப்பு ஏப்ரல் கடைசி வாரம்தான் கிடைத்தது. மார்ச் இறுதியாக இருந்திருந்தால் நான் ஸ்டூபாயைத்தான் சொல்லியிருப்பேன்.

ஐந்து இரவு பதிவாகிவிட்டது. முதல் நாள் சின்ன மலை, இரண்டாம் நாள் மீட்புப் பயிற்சி, மூன்றாம் நாளுக்குப் பாலோன் தெ லா மாரே என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாமவருக்கு ஸ்கை கிராம்பான் மட்டும் இன்னும் வரவில்லை. அவருடைய பைண்டிங்குக்கு (காலணியை ஸ்கையோடு இணைக்கும் பிடிப்பு) பொருந்தும் அகலம் கடையில் தீர்ந்துவிட்டதாம்.